அரைப்பேரும் முழு மனிதனும்: பதிலாட்டக்காரரின் பெறுமதி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதனுடைய செயல்களை அளப்பதற்கு மனிதன் கண்ட கருவிகளுள் எண்ணே மிக எளியது. மிகக் கொடியதும் அதுவே. எவர்க்கும் ஒரே வகையாய்ப் பேசுவதால் அஃது எளியது. தன்னுள் அடங்காத யாவற்றையும் இல்லாதனவாக்கி விடுவதால் அது கொடியது. ஒருவர் செய்தவற்றை எண்ணிக் கூட்டினால் வரும் தொகைதான் அவருடைய பெறுமதியா? செய்யும் ஆற்றலும் விருப்பமும் இருந்தும், செய்வதற்கு இடம் கிடையாமல் விளிம்பிலேயே நின்ற ஒருவருக்கு அறம் எவ்விடத்தை வழங்குகின்றது? விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பதிலாட்டக்காரரை முன்னிட்டு இவ்வினாவை எழுப்பினால் அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும், பெரிய வினாக்கள் சில சிறிய இடங்களிலேதான் தெளிவாகப் புலப்படுகின்றன.

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில் இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தோட்டப் பேச்சில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருளொன்று உண்டு. காலையில் பிரட்டுக் களத்திற்குச் சென்று, மலையேறிக் கொழுந்து பறித்து, குறித்த நிறையை நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் விழும் பேரே நாளின் கூலியாகின்றது. ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் நின்றாள் என்பது ஏட்டுக்குத் தெரியாது; தராசின் முள் எங்கே நின்றது என்பது மட்டுமே தெரியும். பேர் என்பது ஒருவரை மற்றவரினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளம். அதனைப் பாதியாக வெட்டலாம் என்று ஒரு கணக்கு முறை கருதியிருப்பது சிந்திக்கத்தக்கது. பெயர் பாதியாகலாம், பெயருக்குரியவர் பாதியாக முடியுமா?

துடுப்பாட்டத்தின் ஓட்டப்பதிவேட்டிலும் இதையொத்த வழக்கம் ஒன்று உண்டு. காயமுற்றோ நோயுற்றோ களத்தை விட்டு நீங்கியவருக்காக உள்ளே வரும் பதிலாள், களத்தடுப்பில் ஈடுபடலாம், பிடி எடுக்கலாம், ஆனால் துடுப்பெடுத்தாடவோ பந்து வீசவோ விதி இடங்கொடாது. அவர் எடுத்த பிடி, பதிவேட்டின் மரபுப்படி, ‘பதிலாள்’ என்ற பொதுச்சொல்லாலேயே குறிக்கப்பட்டு வந்தது. பிடிகொடுத்தவர் பெயரும் பந்துவீசியவர் பெயரும் நிலைபெற, பிடித்த கைக்குரியவர் பெயரின்றிப் போவார். பிற்காலத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் பெயரையும் எழுதும் வழக்கம் பரவியது. அடைப்புக்குறிக்குள் வாழும் அவ்வாழ்வும் அரைப்பேர் போன்றதே.

வரலாறு இத்தகையோர் சிலரை மறவாமல் வைத்திருக்கின்றது. 1930இல் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ட்ரென்ட் பிரிட்ஜில் நடந்த டெஸ்ட் போட்டியில், மைதான ஊழியரணியைச் சேர்ந்த சிட்னி கொப்லி என்னும் இளைஞர் பதிலாளாகக் களமிறங்கி, நன்கு ஆடிக்கொண்டிருந்த ஸ்டான் மெக்கேப்பின் பிடியைப் பாய்ந்து எடுத்தார். ஆட்டத்தின் போக்கு மாறியது, இங்கிலாந்து வென்றது. கொப்லி தம் வாழ்நாளில் முதற்தரப் போட்டி ஒன்றில் மட்டுமே ஆடினார். அதே மைதானத்தில் 2005இல் கரி பிராட் என்ற பதிலாள், எறிந்த ஒரே எறியினால் அவுஸ்திரேலிய அணித்தலைவர் ரிக்கி பொண்டிங்கை 48 ஓட்டங்களோடு வெளியேற்றினார். இங்கிலாந்து அப்போட்டியிலும் பின்னர் தொடரிலும் வெற்றி கண்டது. பிராட் ஒருபோதும் டெஸ்ட் ஆட்டக்காரராகக் கணக்கிடப்பட்டதில்லை. அவருடைய டெஸ்ட் ஓட்டங்கள் எத்தனை, விக்கெட்டுகள் எத்தனை என்று கேட்டால் பதிவேட்டில் விடையில்லை; அவ்வேட்டில் அவருக்கென்று ஒரு வரியே இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டத்தை நோக்கினால் பதிலாட்டக்காரரின் நிலை இன்னும் கூர்மையாக விளங்கும். அங்கே களத்தில் நிற்போர் பதினொருவர். அணியில் இருப்போரோ ஏறத்தாழ நூற்றுவர். பக்கவிளிம்பிலிருந்து ஓடி, நெடுந்தூரம் வீசப்படும் பந்தைப் பற்றுவதற்கென்றே சிலர் பயிற்றப்படுகின்றனர். இவர்களுடைய வரலாறு மூன்று எண்களால் எழுதப்படுகின்றது: பற்றிய பந்துகள், கடந்த தூரம், பெற்ற இலக்குகள். முதல்நிலை ஆட்டக்காரருக்கு இவ்வெண்கள் பெருகும். இரண்டாம் நிலையில் உள்ளவருக்கோ நான்காண்டு முடிவிலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே எஞ்சும். பலருக்கு ஒன்றும் எஞ்சாது. ஆனால் அந்த நான்காண்டுகளிலும் அவர் செய்தவை யாவை? அடுத்த வாரம் எதிர்கொள்ளவிருக்கும் அணியின் ஆட்டமுறையைக் கற்று, அவ்வணியினர் போலவே நடித்து, தம் அணியின் காவலருக்குப் பயிற்சி தந்தார். தமக்குப் பந்து வாராது என்று தெரிந்தும் முழுவேகத்தில் ஓடி, எதிரணிக் காவலரைத் தம் பின்னே இழுத்துச் சென்று, இன்னொருவருக்கு வழிவிட்டார். இவற்றுள் எதற்கும் அவருடைய கணக்கில் ஓர் எண் இல்லை.

இத்தகையோருள் உலகறிந்தவர் நோட்ர டேம் பல்கலைக்கழக மாணவர் டானியல் ருட்டிகர். ‘ரூடி’ என அழைக்கப்பட்ட இவர் பந்தைப் பற்றுபவர் அல்லர், காவல் வரிசையைச் சேர்ந்தவர், உடலிற் சிறியவர், பயிற்சியணியிலேயே காலங்கழித்தவர். 1975 நவம்பர் 8ஆம் நாள், தம் சொந்தத் திடலில் ஆடக்கூடிய இறுதி ஆட்டத்தின் கடைசி நேரத்தில் களத்துள் விடப்பட்டார். எதிரணியின் பந்து வீசுபவரை மடக்கி வீழ்த்தினார். தோழர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர். 1993இல் அவர் கதை திரைப்படமுமாயிற்று. படித்தோரும் பாமரரும் அக்கதையால் நெகிழ்ந்தனர். ஆயின் அந்நெகிழ்ச்சியைச் சற்று ஐயத்தோடு நோக்குவது அவசியம். இறுதி நொடியில் ரூடிக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த ஓர் எண் கிடைத்தமையாலேயே உலகம் அவருடைய உழைப்பை நினைவிற் கொண்டது. அவ்வெண் கிடையாமலே, அதே பயிற்சியை அதே மனத்தோடு செய்து முடித்து வீடு திரும்பியவர் எத்தனை பேர்? ரூடியின் கதை பதிலாட்டக்காரரின் பெறுமதியை நிலைநாட்டுவதாகத் தோன்றி, உண்மையில் எண்ணின் ஆட்சியையே மீண்டும் உறுதிசெய்கின்றது. அறவியலின் உண்மையான சோதனை, இறுதிவரை எண்ணே கிடையாதவரைப் பற்றியதாகும்.

இவ்விடத்து ஒரு வலிய தடை எழும். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே, ஒலிம்பிய விளையாட்டில் முடிசூட்டப்படுவோர் அழகிலும் வலிமையிலும் சிறந்தோர் அல்லர், போட்டியிற் கலந்துகொண்டோரே என்று சுட்டிக்காட்டுகின்றார். திறன் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது போதாது. செயலாக வெளிப்படுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. தூங்குபவனிடத்தும் நற்குணம் இருக்கலாம். ஆயின் அதனால் விளைவது யாது? இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ‘எனக்கும் ஆற்றல் இருந்தது, இடந்தான் கிடைக்கவில்லை’ என்று சொல்லிக்கொள்ளும் சோம்பேறிக்கு அறம் மாலை சூட்டுமாயின், உழைத்து வென்றவனுக்கு அது அநீதி இழைத்ததாகும்.

எனினும் இத்தடை பதிலாட்டக்காரரைத் தொடுவதன்று. உறங்கும் ஆற்றலும் ஆயத்தமாய் நிற்றலும் வேறு வேறானவை. ஆயத்தமாய் நிற்றல் ஒரு செயல். அதுவும் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய செயல். அழைப்பு வருமோ வாராதோ என்று அறியாமலே உடலைப் பேணுவதும், ஆட்டத்தின் போக்கை விடாது கவனிப்பதும், தம் இடத்தைப் பெற்றவர்மீது பொறாமை கொள்ளாதிருப்பதும், அவர் தவறவேண்டும் என்று உள்ளூர விரும்பாதிருப்பதும் எளிய செயல்கள் அல்ல. களத்தில் ஓடுபவருக்கு ஆரவாரம் துணைநிற்கும்; விளிம்பில் நிற்பவருக்கு மனம் ஒன்றே துணை. எனவே, அரிஸ்டோட்டில் வேண்டும் செயல் இங்கே இல்லாமற் போகவில்லை. பார்வையாளர் நோக்காத இடத்தில் அது நிகழ்கின்றது, அவ்வளவே.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். நன்மனம் என்பது தான் சாதித்தவற்றால் நல்லதாவதில்லை. ஊழின் கொடுமையால் ஒன்றையுமே சாதிக்க முடியாது போயினும், முயற்சி முழுமையாக இருந்ததாயின், அது மணிபோலத் தன்னொளியாலேயே ஒளிரும் என்பது அவருடைய கொள்கை. ரோமாபுரிச் சிசெரோவின் நூலொன்றில் ஸ்தோயிக்கர் கருத்தாக வில்லாளியின் உவமை வருகின்றது. குறிபார்த்து எய்தற்குரிய யாவற்றையும் செய்வதே வில்லாளியின் கடமை. அம்பு இலக்கிற் படுதல் அவன் முற்றாக ஆளக்கூடியதன்று. பயனிற் பற்று வையாது கடமையைச் செய்க என்னும் கீதையின் உபதேசமும் தமிழறிந்தோர்க்குப் புதியதன்று. வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு காலத்தினர் ஒரே முடிவிற்கு அருகே வந்து சேர்ந்திருப்பது தற்செயலாகாது.

செயலின் பயனில் ஊழுக்குரிய பங்கு எத்தகையது என்பதை 1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் ‘அறவியல் நல்லூழ்’ என்னும் பொருள்பற்றிய தம் கட்டுரைகளில் ஆராய்ந்தனர். மனிதரை அவரவர் கையில் உள்ளவற்றுக்காக மட்டுமே மதிப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அவர்கள் கையில் இல்லாதவற்றாலும் உலகம் அவர்களை மதிப்பிடுகின்றது என்பது அவர்கள் காட்டிய முரண். இதற்குத் துடுப்பாட்டம் தெளிவான எடுத்துக்காட்டைத் தருகின்றது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருபவர் துடுப்பெடுத்தாடவும் பந்துவீசவும் இடமளிக்கும் விதி 2019 ஓகஸ்டில் சர்வதேசப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித் அடிபட்டு விலக, மார்னஸ் லபுஷேன் அவ்விதியின்கீழ் வந்த முதலாமவராகி 59 ஓட்டங்கள் பெற்றார். இரண்டரை ஆண்டுகளுக்குள் அவர் உலகத் தரவரிசையின் முதலிடத்தை எட்டினார். விதி ஒரு மாதம் பிந்தியிருந்தாலோ, பந்து ஓர் அங்குலம் விலகியிருந்தாலோ, அவருடைய வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்று எவராலும் கூறவியலாது. ஆற்றல் அவருடையது, வாசலைத் திறந்தது இன்னொருவரின் காயம்.

தேயிலை மலையிலும் ஊழின் கை இவ்வாறே விளையாடுகின்றது. ஒருத்தி பறிக்கும் கொழுந்தின் நிறை அவளுடைய விரல்களின் வேகத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அவளுக்குக் கிடைத்த நிரை எத்தகையது, அம்மலை கவ்வாத்து வெட்டி எத்தனை காலமாயிற்று, உரம் இடப்பட்டதா, மழை பெய்ததா, வெயில் எரித்ததா என்பன யாவும் சேர்ந்தே தராசில் ஏறுகின்றன. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படுவது வேறு. 1984ஆம் ஆண்டுவரை, ஒரே நாள் உழைப்புக்குத் தோட்டத்துப் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்தது. அளவுகோலே கோணலாயிருக்கையில், அளக்கப்பட்டவரைக் குறைவுடையவர் எனத் தீர்ப்பிடுதல் அறமாகாது.

இனி, தனியொருவரின் எண் உண்மையில் தனியொருவருக்குரியதுதானா என்பதையும் நோக்குதல் வேண்டும். மலைநாட்டுத் தமிழரின் பெருமைக்குரியவராகிய முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வந்தவர். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் என்னும் அவருடைய சாதனை உலகத்தின் உச்சம். அவ்வெண்ணூற்றுள் எழுபத்தேழு, மகேல ஜயவர்தன என்ற ஒரே களத்தடுப்பாளர் பிடித்த பிடிகளால் வந்தவை. அவற்றில் இருவர் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டுள்ளன. ஆயின் பயிற்சி வலைகளில் அப்பந்துகளை நாள்தோறும் எதிர்கொண்டு, அவற்றைக் கூர்மைப்படுத்த உதவிய இளைஞர் எவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. எண்ணூறு என்பது ஒரு மலையின் உச்சி. உச்சி தனியே வானில் நிற்பதில்லை.

தோட்ட வாழ்விலும் இவ்வுண்மை கண்கூடு. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தாலாட்டும் ஆயா ஒரு கிலோ கொழுந்தும் பறிப்பதில்லை. ஆனால் அவர் ஒருநாள் இல்லையெனில் எத்தனை தாய்மார் மலையேற முடியாது என்பதைத் தோட்டம் அறியும். நிழல் மரங்கள் கொழுந்து தருவதில்லை. அதனால் அவை வீண் மரங்கள் என்று எவரும் சொல்வதில்லை. லயங்களின் அருகே மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு திடல்களில், மாலை வேளைகளில் இளைஞர் ஆடும் ஆட்டத்தைக் கண்டோர் இன்னொன்றையும் கண்டிருப்பர். பந்து விளிம்பைத் தாண்டித் தேயிலைச் செடிகளினூடே பள்ளத்தில் உருளும். அதைத் தேடி இறங்கி, கானில் கால்வைத்து, மூச்சிரைக்க ஏறிவருபவன் பெரும்பாலும் அணியில் இடம்பெறாத ஒருவனே. அவன் இறங்காவிடின் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஆயின் இத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்வது ஆபத்தானது. காத்திருப்போரின் பெருமையைப் பாடுவது, காத்திருக்க வைத்தோருக்கு மிக வசதியான பாட்டாகிவிடக்கூடும். மலையகத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், எஞ்சிய 150,000 பேர் பின்னொரு நாளின் தீர்மானத்திற்கு. அவர்களும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோருக்கு 2003இல் நிறைவேறிய சட்டமே வழிதிறந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியைத் தம் விரல்களால் ஈட்டிக்கொடுத்த ஒரு சமூகம், அந்நாட்டின் திடலோரத்தில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்தது. அவர்களைப் பார்த்து, ‘பொறுமையும் ஒரு பண்பே’ என்று போதிப்பவன் அறம் பேசுபவன் அல்லன். அநீதிக்குத் தாலாட்டுப் பாடுபவன்.

ஆகவே காத்திருத்தலில் இருவகை உண்டு என்று பகுத்துணர்தல் வேண்டும். நேர்மையான தெரிவில், தம்மிலும் திறமையானவர் இருக்கின்றமையால் விளிம்பில் நிற்பது ஒன்று. தெரிவே நடைபெறாமல், பிறப்பாலோ வறுமையாலோ வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவது மற்றொன்று. முன்னதில் நிற்பவர் அணியின் உறுப்பினர்; அவருடைய ஆயத்தம் அவரே மனமுவந்து ஏற்ற கடமை. பின்னதில் நிற்பவரோ அணியிற் சேர்க்கப்படவே இல்லை. முன்னவருக்கு உரியது மதிப்பு. பின்னவருக்கு உரியது நீதி. நீதி வழங்க வேண்டிய இடத்தில் மதிப்பை வழங்கி ஏமாற்றுதலும், மதிப்பு வழங்க வேண்டிய இடத்தில் வெறும் இரக்கத்தைக் காட்டுதலும் ஒருங்கே பிழையாகும்.

இப்பகுப்பிலிருந்து கடமைகள் சில பெறப்படும். தெரிவு செய்வோர், தெரிவு நேர்மையாய் இருந்ததென்று விளிம்பில் நிற்பவரும் ஏற்கத்தக்க முறையில் நடந்துகொள்ளல் வேண்டும். வென்றவர், தம் வெற்றியில் பெயரற்றோரின் பங்கை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏடெழுதுவோர், ஏட்டில் அடங்காதவை உள என்பதை மறவாதிருத்தல் வேண்டும். விளிம்பில் நிற்பவருக்கும் கடமை உண்டு. அழைக்கப்படாமையைத் தம் பெறுமதியின் மீதான தீர்ப்பாக அவர் ஏற்கலாகாது. அதையே சாட்டாகக் கொண்டு ஆயத்தத்தைக் கைவிடுதலும் ஆகாது. பல்கலைக்கழகங்களுக்கும் இவை பொருந்தும். பரீட்சைப் புள்ளிகள் ஒருவகை நிறையே. புள்ளியைக் கொண்டு இடம் வழங்காமல் ஒரு பல்கலைக்கழகம் நடத்தல் அரிது. ஆனால், எந்தப் பள்ளிக்கூடத்தில், எத்தகைய காம்பராவில், எவ்விளக்கின் ஒளியில் அப்புள்ளி பெறப்பட்டது என்பதைத் தராசு சொல்வதில்லை. அதைக் கேட்டறிவது கற்றோரின் பொறுப்பு.

எண்ணை ஒழித்துவிட முடியாது. கூலிக்கு நிறை வேண்டும். ஆட்டத்துக்குப் பதிவேடு வேண்டும். ஆயின் எண் தனக்குரிய இடத்தில் நிற்றல் வேண்டும். அது நிகழ்ந்தவற்றுள் எண்ணத்தக்கவற்றைச் சொல்லும். நிகழ்த்தியவர் யார் என்பதை அது சொல்லாது. மாலையில் கடைசி நிறுவை முடிந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு லயத்திற்குத் திரும்பும் பெண்ணின் ஏட்டில் அன்று அரைப்பேர் விழுந்திருக்கலாம். திடலோரத்தில் அமர்ந்திருந்து, இருளிற் பந்தைத் தேடியெடுத்து வந்த இளைஞனின் பெயர் எந்த ஏட்டிலும் விழாமலே போகலாம். வீடு திரும்புவோர் இருவரும் முழு மனிதரே. அவ்வுண்மையை ஏற்கும் ஏட்டை எழுதும் பொறுப்பு கணக்கப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. கணக்கை வாசிப்போர் அனைவருக்கும் உரியது.